குஞ்சு காக்கும் மீன்: இரண்டடித் தொட்டிக்கு எந்தச் சிக்லிட்?

சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். "தம்பி, பாப்பாவைப் பீஷான் – அங் மோ கியோ பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனேன். நீர்நாய்க் குடும்பம் ஒண்ணு வந்துச்சு. அம்மா நீர்நாய் குட்டியைக் கவ்வித் தூக்கிட்டுப் போனதைப் பார்த்ததிலிருந்து ஒரே நச்சரிப்பு. மீனும் இப்படிப் பிள்ளையைப் பாத்துக்குமா, மாமாகிட்ட கேளுங்கிறா. ரெண்டடித் தொட்டி வாங்கியாச்சு. எந்த மீனை வாங்கட்டும், சொல்லு."

ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் வாட்ஸ்அப்பில் தட்ட ஆரம்பித்தேன். முடியவில்லை. பதினைந்து வருடமாகச் சிக்லிட் மீன்களை வளர்க்கிறேன். எந்த மீன் அழகு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். எந்த மீன் உங்கள் வீட்டில் பிள்ளை பெற்று வளர்க்கலாம் என்பது வேறு கேள்வி. அதற்கு வீட்டையும் தண்ணீரையும், பிறக்கப்போகும் குஞ்சுகளின் கதியையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அக்காவுக்காக எழுதியதை, இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று விரித்து எழுதுகிறேன்.

மீனுக்குப் பிள்ளைப் பாசம் உண்டு என்பது நமக்கு ஒன்றும் புதுச் சேதி அல்ல. பறவை தொட்டுப் பொரிக்கும், மீன் பார்த்துப் பொரிக்கும், ஆமை நினைத்துப் பொரிக்கும் என்று தீட்சையை விளக்கும்போது சைவப் பெரியவர்கள் சொல்வார்கள். மீனாட்சி என்ற பெயருக்கும் அந்த வழியில்தான் விளக்கம் கொடுப்பார்கள்: மீன் தன் முட்டைகளைக் கண்ணாலேயே காப்பதுபோல உயிர்களைக் காப்பவள். பார்வை பட்டு முட்டை பொரியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இமையில்லாத கண்ணோடு, இரை போட்டாலும் திரும்பிப் பார்க்காமல், இரவு பகலாக முட்டைமேல் துடுப்பை அசைத்தபடி நிற்கும் ஒரு தாய் மீனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த உவமைதான் நினைவுக்கு வரும்.

பெரும்பாலான மீன்கள் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். சிக்லிட் குடும்பம் அப்படி அல்ல. இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் 1,700 இனங்களுக்கு மேல். ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் முட்டையையோ குஞ்சையோ காக்கும். சில கல்மேலோ இலைமேலோ வெளிப்படையாக முட்டையிட்டு, அம்மாவும் அப்பாவும் காவல் நிற்கும். சில பொந்துக்குள் இடும். சில வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எண்ணிக்கையும் அமைகிறது. வெளியில் இடுபவை பெரும்பாலும் நூற்றுக்கணக்கில் இடும், வாயில் வைப்பவற்றில் பல பத்து இருபதுதான்.

அக்கா, நீங்கள் முதலில் யோசிக்க வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான். நான் அதை யோசிக்காமல் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

அப்போது ஈசூனில் நான்கறை வீட்டில் இருந்தோம். ஒரு கடையில் "ரொம்ப எளிது, சும்மா விட்டாலே குஞ்சு பொரிக்கும்" என்று சொல்லி ஒரு ஜோடி கான்விக்ட் சிக்லிட் கொடுத்தார்கள். மத்திய அமெரிக்க மீன். சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டைகள். சிறைக்கைதி உடை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். சொன்னது பொய் இல்லை. இரண்டே மாதத்தில் வெட்டி வைத்திருந்த பூத்தொட்டிக்குள் முட்டை ஒட்டியிருந்தது. மூன்று நாளில் பொரிந்தது. இன்னும் சில நாளில் பொடிப்பொடியாக ஒரு மேகம் தொட்டி முழுக்க நகர்ந்தது.

அந்த முதல் வாரம் நான் வேலை முடிந்து வந்து சாப்பிடாமல்கூட தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆண் மீன் ஒரு காய்ந்த பாதாம் இலையை வாயால் கவ்விப் புரட்டிப் போட்டது. உடனே குஞ்சுகள் மொத்தமும் இலைக்கு அடியில் இருந்த இடத்தில் போய் மொய்த்தன. அங்கே அவற்றுக்குத் தின்ன ஏதோ இருந்தது. தாய் மீன் மணலில் உடம்பை அழுத்தித் துடுப்பால் கிளறிவிட்டது. எழும்பிய தூசியில் குஞ்சுகள் கொத்தித் தின்றன. கோழி கிளறிவிட்டுக் குஞ்சுகளைக் கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்த என் அம்மா, "அட, அப்படியே கோழிடா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மாதம் இரண்டாவது ஈடு. பிறகு மூன்றாவது. எண்ணிப் பார்க்க முடிந்தவரை இருநூறுக்கு மேல். தொட்டியில் இருந்த மற்ற மீன்களை எல்லாம் அந்த ஜோடி மூலையில் ஒதுக்கி அடித்தது. விற்ற கடைக்கே எடுத்துப் போனேன். யாரும் வாங்குவதில்லை, வேண்டாம் என்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அங்கிள், "கால்வாயில விடு, பிழைச்சுக்கும்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு வாளியில் நாற்பது குஞ்சை எடுத்துக்கொண்டு மின்தூக்கி வரை போனேன். பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் அதில் இருக்கும் ஆபத்து என்று அங்கே நிற்கும்போது உறைத்தது. திரும்பி வந்துவிட்டேன்.

நம் கால்வாய்கள் பல நேரே நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேர்கின்றன. அமேசானைச் சேர்ந்த பீக்காக் பாஸ் இன்று இங்குள்ள நீர்த்தேக்கங்களில் குடும்பம் நடத்துகிறது. தூண்டில் போடுபவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதுவும் சிக்லிட்தான். அம்மாவும் அப்பாவுமாகக் கரையோரத்தில் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும். நம் தொட்டியில் பார்த்து நாம் உருகுகிற அதே பாசம்தான், வெளியில் விட்டால் உள்ளூர் மீன்களின் பிழைப்பைக் கெடுக்கிறது. குஞ்சுகளைக் காப்பாற்றத் தெரிந்த மீனை, முட்டையை அப்படியே விட்டுப்போகும் மீன் எப்படி எதிர்த்து நிற்கும்? வளர்ப்பு மீனை வெளியில் விடுவது சட்டப்படியும் குற்றம். விசாக தினத்தை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் தேசியப் பூங்காக் கழகம் இதைத்தான் கெஞ்சிச் சொல்கிறது.

என் கான்விக்ட் குஞ்சுகளை எட்டு மாதம் பைபையாகக் கட்டி, பேருந்திலும் எம்ஆர்டியிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் மிஞ்சியவற்றைப் பெரிய மீன் வளர்க்கும் ஒரு நண்பரிடம் கொடுத்தேன். எதற்கென்று சொல்லத் தேவையில்லை. அது இன்றுவரை எனக்கு உறுத்தல். அதனால் கான்விக்ட் உங்களுக்கு வேண்டாம். பிள்ளை வளர்ப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. தன் குஞ்சைவிடச் சிறிய பிறத்தியார் குஞ்சுகளைக்கூடக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும். இருந்தாலும் வேண்டாம்.

இனி தண்ணீர். நம் குழாய்நீர் மென்மையானது, சற்றே காரப் பக்கம் சாய்ந்தது. கிருமியைக் கொல்ல அதில் கலந்திருப்பது குளோராமின். ஊரில் செய்வதுபோல ஒரு வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும், குளோராமின் போகாது. அதை முறிக்கும் மருந்தை ஒவ்வொரு முறையும் ஊற்றியே ஆக வேண்டும். இங்கே ஹீட்டர் தேவையில்லை. வெயில் நாளில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும், நம் கவலை எல்லாம் அதைக் குறைப்பதுதான். விளிம்பில் மாட்டும் சிறிய மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிடும், கூடவே தண்ணீரும் வேகமாக வற்றும். உங்கள் தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம் என்றால் கொள்ளளவு 65 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மணலும் கல்லும் போட்டால் ஐம்பத்தைந்துதான் மிஞ்சும். இந்த ஐம்பத்தைந்து லிட்டருக்குள் எது அடங்கும் என்பதுதான் விஷயம்.

டிஸ்கஸ் என்ற சிக்லிட் அடங்காது. ஆனாலும் அதைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பாப்பா கேட்ட கேள்விக்கு உலகத்திலேயே மிக அழகான பதிலை வைத்திருக்கும் மீன் அதுதான். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் வேறு எதையும் தின்னாமல் நேரே பெற்றோரின் உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். தோலில் ஊறும் கோழைதான் அவற்றுக்குத் தாய்ப்பால். தாய்க்கு மட்டும் அல்ல, அப்பாவுக்கும் ஊறும். நண்பர் ஒருவரின் வீட்டில் பார்த்தேன்: தட்டையான உடம்பு முழுக்க மிளகு தூவியதுபோல் குஞ்சுகள் கொத்திக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் தாய் சட்டென்று உடம்பை உதறி முன்னால் பாய்ந்தது. அந்தரத்தில் நின்ற குஞ்சுகள் ஒரு நொடி தடுமாறிவிட்டு, பக்கத்தில் வந்து நின்ற அப்பாவின் உடம்புக்கு மாறின. கைமாற்றிக் குழந்தையை வாங்குவதுபோல.

1959இல் ஹில்டமன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதினார். 2010இல் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது. முட்டையிட்டதும் கோழையில் புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் கூடுகின்றன. முதல் இரண்டு வாரம் ஓடியாடி ஊட்டும் பெற்றோர், மூன்றாவது வாரத்திலிருந்து குஞ்சுகளைவிட்டு விலகி நீந்தத் தொடங்குகின்றன. பால்மறக்க வைப்பதேதான். நம் ஊர் வெப்பமும் டிஸ்கஸுக்கு ஒத்துப்போகும், 28 முதல் 30 டிகிரி அதற்குப் பிடித்தது. ஆனால் ஜோடிக்கே 45 செ.மீ. உயரமுள்ள பெரிய தொட்டி வேண்டும், முட்டை பொரிய இன்னும் மென்மையான, அமிலப் பக்கத் தண்ணீர் வேண்டும், தினமும் தண்ணீர் மாற்ற ஆள் வேண்டும். தொடக்கநிலை நான்கில் படிக்கும் பிள்ளையையும் துணைப்பாட வகுப்புகளையும் வைத்துக்கொண்டு உங்களால் முடியாது அக்கா. யார் வீட்டிலாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஏஞ்சல் மீனுக்கும் உயரம் போதாது. அதில் இன்னொரு சங்கடமும் உண்டு. வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் முட்டையை உடனே எடுத்துத் தனியாகப் பொரிக்க வைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை வளர்க்காத பெற்றோரின் வாரிசுதான் கடையில் நமக்குக் கிடைப்பது. முட்டையிட்ட இரண்டாம் நாள் காலையில் இலை காலியாக இருக்கும், அம்மாவும் அப்பாவும் ஒன்றும் தெரியாததுபோல் நீந்திக்கொண்டிருக்கும். நாலைந்து முறைக்குப் பிறகு சில ஜோடிகள் தேறிவிடுகின்றன, சில தேறுவதே இல்லை. ராம் மீனிலும் எனக்கு இதே அனுபவம். சிறியது, சூடு தாங்கும், நிறம் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான், முட்டையைத் தின்கிற பழக்கமும் அதிகம். ஒரு குழந்தை முதன்முதலாகப் பார்க்கப் போகும் காட்சி பெற்றோர் முட்டையைத் தின்பதாக இருக்க வேண்டாம்.

வாயில் அடைகாப்பவற்றுக்கு வருவோம். நம் அப்பாக்கள் தலைமுறைக்கு இந்த வகை நன்றாகவே தெரியும். ஊரில் ஜிலேபி என்று சொல்கிறோமே, அந்தத் திலாப்பியாதான். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கே வந்ததால் பழைய ஆட்கள் அதை ஜப்பான் மீன் என்பார்கள். கம்பத்து வாய்க்காலில் சின்ன வயதில் பிடித்தபோது, தாய் மீனின் வாயிலிருந்து குஞ்சுகள் கொட்டியதாக என் அப்பா சொல்லியிருக்கிறார். ஏதாவது நிழல் தட்டினால் குஞ்சுகள் எல்லாம் திரும்ப அம்மாவின் வாய்க்குள் ஓடிவிடும்.

தொட்டிக்கு ஏற்றது மலாவி ஏரியின் மஞ்சள் லேப். எலுமிச்சை நிறம். தாய் 10 முதல் 25 முட்டை வரை வாயில் எடுத்துக்கொள்ளும். ஆண் மீனின் குதத்துடுப்பில் முட்டை மாதிரியே மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அதையும் முட்டை என்று எண்ணித் தாய் கொத்தப் போகும்போது விந்து வாய்க்குள் போய் முட்டைகள் கருவுறும் என்று 1962இல் வோல்ஃப்காங் விக்லர் என்ற ஆய்வாளர் விளக்கம் சொன்னார். பிறகு மூன்று வாரத்துக்கும் மேல் தாய் ஏறக்குறையப் பட்டினி. தாடை உப்பியிருக்கும், வயிறு ஒட்டிப்போயிருக்கும், வாய் மட்டும் மென்றுகொண்டே இருப்பதுபோல் அசையும், முட்டைகளைப் புரட்டிவிடுகிறது. இரை போடும்போது அது ஓரமாக ஒதுங்கி நிற்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். சிலர் தாயைப் பிடித்து வாயைத் திறந்து குஞ்சுகளை உதறி எடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, செய்ததும் இல்லை.

மஞ்சள் லேப்பின் குறை என்னவென்றால், பார்க்க ஒன்றும் இல்லை. முழுக்கதையும் வாய்க்குள் நடக்கிறது. வெளியில் விட்டபிறகு தாய் அதிகம் கவனிப்பதும் இல்லை. கல் இடுக்கில் ஒளிந்த குஞ்சு பிழைக்கும், மற்றது யாருக்காவது இரை. அப்பாவுக்கு வளர்ப்பில் பங்கே இல்லை. ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது வைத்தால்தான் சண்டை குறையும், அதற்கு நான்கடித் தொட்டி வேண்டும். நான்கடித் தொட்டியில் தண்ணீர் மட்டுமே கால் டன்னுக்கு வரும்.

கடைக்காரர் இந்த மீனோடு சேர்த்துப் புள்ளி போட்ட ஓர் அழகான கெளுத்தியைக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள். தங்கனீக்கா ஏரியின் குயில் கெளுத்தி அது. நம் புளோக்குக்குக் கீழே விடியற்காலை ஐந்து மணிக்கே கத்தி எழுப்புகிறதே குயில், அது காக்கைக் கூட்டில் முட்டையிடுவதுபோல, இந்தக் கெளுத்தி சிக்லிட் முட்டையிடும் நேரத்தில் குறுக்கே பாய்ந்து தன் முட்டையையும் கலந்துவிடும். தாய் இரண்டையும் சேர்த்து வாயில் எடுத்துக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரியும். அந்த வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். குயில் பரவாயில்லை.

இப்போது உங்கள் தொட்டிக்கு உண்மையிலேயே பொருந்துகிற இரண்டு. ஒன்று கிரிபென்சிஸ், இன்னொன்று சங்கு சிக்லிட். நடுவில் மூன்றாவதாக என் மனசு ஒன்றைக் கேட்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கிரிபென்சிஸ் தென் நைஜீரியாவின் மீன். பத்து செ.மீ.க்குள் அடங்கும். இதில் பெண்தான் ஆணைவிட அழகு. வயிறு பழுத்த நாவல்பழம் மாதிரி சிவந்து ஊதாவாகும். உடம்பை வில்லாக வளைத்து ஆணின் முன்னால் நடுங்கிக் காட்டி அவளே அழைப்பாள். இடம் கொடுக்க நமக்குச் செலவே இல்லை. தேங்காய் துருவி முடித்த கொட்டாங்குச்சியை நார் போகச் சுரண்டி, நன்றாகக் கொதிக்கவைத்து, விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு நாளில் மணலை வாயால் அள்ளி வெளியே துப்பி உள்ளே அறை கட்டிவிடுவார்கள். கூரையில் முட்டை ஒட்டும். தாய் உள்ளே, அப்பா வாசலில்.

பத்து நாளைக்குப் பிறகு ஒரு நாள் காலை, வாசலில் ஒரு கைப்பிடி மண் நகர்வது மாதிரி இருக்கும். குஞ்சுகள். தாய் முன்னால், அப்பா பின்னால், நடுவில் மணல் நிறத்தில் ஒரு கூட்டம். ஏதாவது ஆபத்து என்று பட்டால் தாய் துடுப்பைச் சட்டென்று வெட்டும். அத்தனை குஞ்சும் அப்படியே மணலில் படுத்துவிடும், கண்ணுக்கே தெரியாது. வழி தவறிய ஒன்றை அப்பா வாயில் உறிஞ்சிக் கொண்டுவந்து கூட்டத்தில் துப்பும். முதலில் பார்ப்பவர்கள் "ஐயோ, தின்னுடுச்சு" என்று கத்துவார்கள். அந்தி சாயும்போது கூட்டத்தை மறுபடியும் கொட்டாங்குச்சிக்குள் ஓட்டிக்கொண்டு போவார்கள். பாப்பா நீர்நாயிடம் பார்த்த காட்சிக்கு மிகப் பக்கத்தில் வருவது இதுதான்.

குழாய்நீரில், குளோராமினை முறித்துவிட்டால், அப்படியே வாழும். தண்ணீர் அமிலமாக இருந்தால் ஆண் குஞ்சு அதிகமாகவும், நடுநிலைக்கு மேல் போனால் பெண் அதிகமாகவும் பிறக்கும் என்பது இதில் அறியப்பட்ட உண்மை. அதனால் நம் தண்ணீரில் பெண்கள் பக்கம் சாயலாம். குறை மறுபடியும் எண்ணிக்கைதான். ஓர் ஈட்டில் ஐம்பதிலிருந்து நூறு வரை பிழைக்கலாம். ஆறு வாரத்தில் பெற்றோர் அடுத்த ஈட்டுக்குத் தயாராகி, மூத்த பிள்ளைகளை விரட்ட ஆரம்பிப்பார்கள். அப்போது இரண்டாவது தொட்டி வேண்டும். சில கடைகள் கிரிபென்சிஸ் குஞ்சை வாங்கிக்கொள்கின்றன, ஆனால் அது கடைக்காரரின் மனநிலையைப் பொறுத்தது. வாங்குவதற்கு முன்பே செராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் இருக்கும் கடைகளில் இரண்டு மூன்றில் கேட்டு வையுங்கள். "பார்க்கலாம்" என்பதை "சரி" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மனசு கேட்பது செம்மஞ்சள் நிறச் சின்னக் கரிமீன். கடையில் ஆரஞ்சு குரோமைட் என்பார்கள். இந்தியாவில் இயற்கையாக இருக்கும் சிக்லிட் மூன்றே மூன்று இனம். அதில் ஒன்று இது, இன்னொன்று கேரளம் 2010இல் மாநில மீனாக அறிவித்த கரிமீன். தமிழகத்திலும் கேரளத்திலும் இலங்கையிலும் உப்பங்கழிகளில் வாழ்பவை. இவற்றின் நெருங்கிய உறவு மடகாஸ்கரில் இருக்கிறது, ஒரு காலத்தில் இந்த நிலங்கள் ஒன்றாக இருந்ததன் சாட்சியாக. பெரிய கரிமீன் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்து நம் உவர்நீர்ப் பகுதிகளில் வாழ்கிறது. சின்னதின் குஞ்சுகளும் டிஸ்கஸ் குஞ்சு மாதிரி பெற்றோரின் தோல் கோழையைக் கொத்தும், அதுவே முழு உணவு அல்ல என்றாலும். இன்னொரு வியப்பு, இளம் சின்னக் கரிமீன்கள் பெரிய கரிமீனின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்துவிடும். ஆனால் இங்குள்ள கடைகளில் எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது, ஓர் ஈட்டில் இருநூறு முட்டை வரை இடும், கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீரில்தான் நன்றாகத் தேறுகிறது. ஊர்ப்பாசத்துக்காக முதல் தொட்டியில் பரிசோதனை செய்யச் சொல்ல மாட்டேன். எனக்கே இடம் கிடைத்தால் வளர்ப்பேன்.

கடைசியாகச் சங்கு சிக்லிட். தங்கனீக்கா ஏரியின் அடியில் செத்த நத்தைகளின் ஓடுகள் படுகை படுகையாகக் குவிந்து கிடக்கின்றன. அந்த ஓடுகளுக்குள் குடியிருக்கும் மீன்களில் மிகச் சிறியது மல்ட்டி. ஆண் ஐந்து செ.மீ.கூட வராது, பெண் மூன்று. சிக்லிட்டுகளிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. ஆனால் சுபாவத்தில் புலி. தொட்டியைச் சுத்தம் செய்யக் கையை விட்டால் என் விரலை வந்து முட்டும்.

இது கூட்டுக் குடும்பம். ஒரு பெண் தன் ஓட்டுக்குள் முட்டையிடும். எண்ணிக்கை பெரும்பாலும் இருபதைத் தாண்டாது. ஒரு வாரம் பத்து நாளில் ஓட்டின் வாயில் இரண்டு மூன்று கண்கள் தெரியும். அரிசி முனை அளவுக்குத்தான் குஞ்சு. அம்மா ஓட்டின் மேலே நிற்பாள், அப்பா எல்லையில் சுற்றுவார். குஞ்சு வளர்ந்ததும் விரட்டுவதில்லை. மூத்த ஈடு அங்கேயே இருக்க, அடுத்த ஈடு பிறக்கும், ஒருவரை ஒருவர் தின்பதில்லை. ஒரே நேரத்தில் மூன்று தலைமுறையை என் தொட்டியில் பார்த்திருக்கிறேன். இவற்றின் உறவினரான டாஃபோடில் மீனில் மூத்த பிள்ளைகள் தம்பி தங்கைகளுக்குக் காவல் நிற்பதையும், முட்டைகளுக்கு விசிறிவிடுவதையும், குடியிருக்கும் உரிமைக்கு வாடகை மாதிரி வேலை செய்வதையும் மைக்கேல் தாபோர்ஸ்கி போன்றவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

குறைகளை மறைக்க மாட்டேன். நம் மென்மையான தண்ணீர் இதற்கு ஆகாது. பவள மணலைப் படுகையாகப் போட வேண்டும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கடினத்தன்மையையும் காரத்தையும் ஏற்றிக்கொடுக்கும். காரம் கூடினால் அம்மோனியாவின் விஷமும் கூடும். ஆகவே மீன் விடுவதற்கு முன் நான்கிலிருந்து ஆறு வாரம் வடிகட்டியை ஓடவிட்டு நல்ல பாக்டீரியாவை வளர்த்தே ஆக வேண்டும். இதில் அவசரப்பட்டால் எல்லாம் போய்விடும். மின்விசிறியும் கட்டாயம், 27 டிகிரியை ஒட்டி வைத்தால் நிம்மதி. காட்சியும் கிரிபென்சிஸ் அளவுக்குக் கண்ணில் அறையாது. குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிடம் அசையாமல் பார்த்தால்தான் குஞ்சு தெரியும்.

ஆக, அக்கா, உங்கள் வீட்டுக்கு என்று கேட்டால், இரண்டாவது தொட்டிக்கு இடமில்லை என்று அத்தானும் சொல்லிவிட்டார், குஞ்சு கொடுக்க ஆளும் இல்லை. அதனால் சங்கு சிக்லிட். இரண்டாவது தொட்டி வைக்க முடிந்திருந்தால் யோசிக்காமல் கிரிபென்சிஸ் என்றிருப்பேன், குழந்தைக்கு அது இன்னும் நேரடியாகப் புரியும். பால்கனியும் பணமும் நேரமும் உள்ளவர் கேட்டால் டிஸ்கஸ். மஞ்சள் லேப்பை வாய்க்குள் நடக்கும் கதைக்காகக் காத்திருக்கத் தெரிந்தவருக்குத்தான் சொல்வேன். கான்விக்ட்டை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சின்னதாக ஆறு மீன் வாங்குங்கள். அந்த வயதில் ஆண் பெண் தெரியாது, தானாக அமைந்துவிடும். ஒரு மீனுக்கு மூன்று ஓடு வீதம் பதினெட்டு. மணல் ஐந்து செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். முட்டை பொரிந்தது தெரிந்தால் ஆர்ட்டிமியா என்ற பொடி இறாலைப் பொரிக்க வைத்து, சொட்டுக் குழாயால் ஓட்டின் வாய்க்குப் பக்கத்தில் விட வேண்டும், பாப்பாவின் கை அதற்கு என் கையைவிட ஏற்றது.

போன சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். தொட்டி ஓடத் தொடங்கிப் பத்து நாள். பாப்பா பதினெட்டு ஓட்டையும் வாய் மேல்நோக்கி இருக்கும்படி மூன்று வரிசையில், புளோக்கு வீடுகள் மாதிரி, அடுக்கி வைத்திருந்தாள். எந்த வீடு யாருக்கு என்று ஒரு தாளில் எழுதியும் ஒட்டியிருந்தாள். அதைக் கலைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். மீன் வந்ததும் ஒவ்வொன்றும் தன் ஓட்டுக்கு அடியில் மணலைத் தோண்டி, திருப்பி, வாய் மட்டும் தெரிய அதைப் புதைத்துக்கொள்ளும். ஒரே ராத்திரியில் அந்த மூன்று வரிசை இருந்த இடம் தெரியாது. "அப்போ நான் மறுபடியும் புதுசா எழுதிக்கறேன் மாமா" என்றாள் பாப்பா.